மூன்றாவது கையெழுத்து

இரண்டு விறகுத் துண்டுகளை எடுத்து, வலது காதுக்குப் பக்கத்தில் வைத்து, ஒன்றோடொன்று தட்டுகிறாள். 'டக்' என்றால் வலப்பக்கக் குவியலுக்கு. 'தொப்' என்றால் இடப்பக்கக் குவியலுக்கு. நின்று தட்டுவதில்லை, நடந்துகொண்டே தட்டுகிறாள். களத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவதற்குள் ஐம்பது துண்டுகளுக்காவது தீர்ப்புச் சொல்லிவிடுவாள். இதனாலேயே ஊரில் அவளுக்குத் தட்டக்கா என்று பேர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் தட்டக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பேர் குழுவின் தீர்மான நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விறகின் ஈரம் பார்க்க ஒரு மீட்டரும் இருக்கத்தான் இருக்கிறது. விறகில் கரண்டு எடுக்கிற திட்டம் தொடங்கியபோது கொடுத்தது. ஆபீஸ் அறை ஆணியில் தொங்குகிறது. பேட்டரி தீர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, புதிது வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. "அதுக்கு எதுக்குப் பேட்டரி? அது சொல்றதுக்குள்ள நான் ஒரு கூடை தட்டிடுவேன்" என்பாள் தட்டக்கா.

நாற்பதைத் தாண்டிய உடம்பு. வேலியில் கட்டிய கொடிக்கம்பி போல ஒல்லி, அதே அளவுக்கு விறைப்பு. விரல் நுனிகளில் கரி ஏறி, எந்தச் சோப்புக்கும் மசியாமல் தங்கிவிட்டது. காலில் சக்கரம் கட்டிவிட்டார்கள் என்று சிலரைச் சொல்வோமே, இவளைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கு அதைச் சொல்ல வாய் வராது. சாப்பிடுவதுகூட அடுப்பு மேடையில் தட்டை வைத்து நின்றபடிதான். நாலு வாய்க்கு ஒருமுறை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவாள்.

அவள் புருஷன் தையற்காரர். நாள் முழுக்க உட்கார்ந்தே பிழைக்கிற மனுஷனுக்கு, நாள் முழுக்க நின்றே இருக்கிற பெண்டாட்டி வாய்த்தாள். "அவ உக்காந்து நான் பார்த்தது கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை. அதுவும் போட்டோக்காரன் கெஞ்சினதால" என்று மிஷினை மிதித்துக்கொண்டே சொல்வார். கேட்டால் அவளும் மறுக்க மாட்டாள். "உக்காந்தா உடம்பு ஒட்டிக்கும்ங்க. அப்புறம் யாரு பிய்க்கிறது?"

அவள் வேலை செய்கிற இடத்துக்கு ஊரார் வைத்த பெயர் கரண்டுக் கொட்டகை. கடைசித் தெரு முடிகிற இடத்தில் தகரக் கூரை, அதன் கீழ் இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலை. உள்ளங்கை அளவு நறுக்கிய காய்ந்த விறகை உலையின் வாய் வழியே கொட்டினால், அது முழுசாக எரியாமல் கனன்று வாயுவாகும். அந்த வாயு குழாயில் குளிர்ந்து, மரத்தூள் பில்டரில் வடிகட்டப்பட்டு, எஞ்சினுக்குப் போகும். எஞ்சின் ஓடினால் மாலை ஆறிலிருந்து பத்து வரை ஊருக்கு வெளிச்சம். மாவு மில்லும் தண்ணீர் மோட்டாரும் அந்த நாலு மணி நேரத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஈர விறகு உள்ளே போய்விட்டால் வாயுவோடு தாரும் கிளம்பும். தார் எஞ்சினுக்குள் இறங்கினால் அத்தோடு கதை முடிந்தது.

உலையின் வாயை எட்ட ஓர் ஏணி. பதினோரு படி. ஏணிக்குக் கீழே எட்டுப் பெண்கள் வெட்டுவார்கள், நறுக்குவார்கள், காயப்போடுவார்கள், புரட்டுவார்கள், கூடையில் வாரி ஏணியடியில் கொண்டுவந்து வைப்பார்கள். ஏணிக்கு மேலே ஆபரேட்டர். பெண்கள் ஏறக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் ஆயுசு கெட்டி. புடவையோடு ஏணியில் ஏறினால் கீழே நிற்கிறவன் கண்ணை எங்கே வைப்பது என்று திட்டம் தொடங்கிய நாளில் ஒருவர் கேட்டார். தரையில் வையேன் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. எட்டுப் பேரும் அன்றிலிருந்து கீழேயே தங்கிப்போனார்கள்.

ஆபரேட்டர் வேறு யாருமில்லை, தட்டக்காவின் கொழுந்தன். தங்கமான பையன், கொஞ்சம் சோம்பேறித் தங்கம். மேடையில் ஸ்டூலைப் போட்டு, காதில் போன் ஒயரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உலைக்குள் விறகுத் துண்டுகள் சில சமயம் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து அந்தரத்தில் நின்றுவிடும். அடியில் நெருப்புக்குத் தீனி போகாது, எஞ்சின் லேசாக இழுக்க ஆரம்பிக்கும். அவனுக்குக் கேட்காது. களத்தின் அந்தக் கோடியில் விறகு புரட்டிக்கொண்டிருக்கிற இவளுக்குக் கேட்கும்.

"மேல தொங்குது பாரு! குத்து, குத்து!"

அவன் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கம்பியை எடுத்துக் குத்துவான். விறகு சரியும், எஞ்சின் மூச்சு சீராகும். "அண்ணி, உங்க காதைக் கழட்டி இங்க மாட்டிட்டுப் போயிடுங்க. நான் வீட்டுக்குப் போய்த் தூங்கறேன்."

"காதை மட்டும் மாட்டினாப் போதுமா? கையையும் மாட்டினாத்தானே நீ முழுச் சம்பளம் வாங்கலாம்?"

ஆபீஸ் அறைச் சுவரில் தட்டக்காவின் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருக்கிறது. திட்டத்துக்காக அச்சடித்த புத்தகத்தின் அட்டைப் படம். எஞ்சின் பக்கத்தில் ஸ்பேனரும் கையுமாக நிற்கிறாள். மேலே 'பெண்கள் கையில் எரிசக்தி' என்று கொட்டை எழுத்து. எடுத்து முடித்ததும் போட்டோக்காரர் ஸ்பேனரைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். வாங்கியதில் தட்டக்காவுக்கு வருத்தம் இல்லை. அவள் குறை வேறு. "அந்த நட்டுக்குப் பதினேழாம் நம்பர் வேணும். கையில பத்தொன்பதைக் குடுத்து நிக்க வெச்சுட்டான். விஷயம் தெரிஞ்சவன் பார்த்தா சிரிக்க மாட்டான்?" புதிதாக வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வாள். வருகிறவர்கள் படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பார்கள்.

இனி நோட்டுக்கு வருவோம். கொட்டகையை நடத்துவது ஒன்பது பேர் கொண்ட குழு. அதில் நாலு பேர் பெண்களாக இருந்தே ஆக வேண்டும் என்பது திட்டத்தின் விதி. இருக்கிறார்கள். தட்டக்கா அதில் ஒருத்தி, மற்ற மூன்று பேரும் களத்துப் பெண்கள்தான். மாதம் ஒரு கூட்டம். கூட்டம் நடப்பது தலைவர் வீட்டுக் கூடத்தில், உச்சி வெயிலில். விறகைப் புரட்டிப்போட வேண்டிய நேரமும் அதுதான். அதனால் கூட்டத்துக்கு ஐந்து பேர் போவார்கள், நோட்டு நாலு பேரிடம் வரும். ஊரார் நோட்டுக்காரர் என்று கூப்பிடுகிற ஒரு மெலிந்த மனிதர் அதைச் சைக்கிளில் கொண்டுவருவார். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, "இங்க ஒண்ணு" என்பார். தட்டக்கா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே போடுவாள். எட்டாவது வரை படித்தவள். கைநாட்டு வைக்கிற கூட்டமில்லை நாங்கள் என்பதில் அவளுக்கு ஒரு மிதப்பு. இழுத்து, சுழித்து, கடைசியில் ஒரு புள்ளி வைத்து முடிப்பாள். பக்கத்தில் கரிவிரல் ஒரு முத்திரையைப் பதித்துவிட்டுப் போகும்.

போன மழைக்காலத்தில் கொழுந்தன் ஒரு வேலைக்கான நேர்காணலுக்காக நகரத்துக்குப் போனான். அன்றைக்கு மேடைக்கு ஆள் வேண்டுமே. தலைவர் தன் மச்சினனை அனுப்பினார். மச்சினன் வாட்டசாட்டமான ஆள், ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். ஏறியவன், எந்தக் குவியல் கிட்டத்தில் இருந்ததோ அதிலிருந்தே கூடையைத் தூக்கித் தரச் சொன்னான். அது இடப்பக்கத்து ஈரக் குவியல். தட்டக்கா அப்போது ஊர்க் கிணற்று மோட்டாரில் இருந்தாள். திரும்பி வருவதற்குள் நாலு கூடை உள்ளே போயிருந்தது. ஏழு மணிக்கு எஞ்சின் இரண்டு தடவை இருமியது, நின்றது. நாலு நாள் ஊர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டது.

மெக்கானிக் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று மூன்று நாளைக் கடத்தினார். நாலாவது நாள் மத்தியானம் கொட்டகையில் யாரும் இல்லை. தட்டக்கா புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு பதினோரு படியும் ஏறிவிட்டாள். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது கீழே நின்று பார்த்தே தெரிந்தது. ஈர விறகை முழுக்க வாரி வெளியே கொட்டினாள். கொழுந்தன் வந்தபோது பில்டர் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது. நல்லவேளை, தார் எஞ்சினுக்குள் அதிகம் இறங்கியிருக்கவில்லை; அண்ணியும் அவனுமாகக் குழாய்களைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார்கள். மாலையில் விளக்கு எரிந்தது. மெக்கானிக் மறுநாள் வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மேலே நின்றபோது அவள் ஒன்றைப் பார்த்தாள். கூரைத் தகரத்தின் ஓர் ஓரம் வளைந்து, அங்கிருந்து சொட்டுகிற தண்ணீர் ஓடையாகப் போய், அவள் காது வைத்துப் பொறுக்கிய காய்ந்த குவியலின் அடியிலேயே தேங்கிக்கொண்டிருந்தது. "இத்தனை வருஷம் கீழ நின்னு தட்டித் தட்டிச் செத்தேனே. மேல இருந்து பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரியுது!" மறுநாள் குவியலை இடம் மாற்றினாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த மேடை மேல் ஆசை வந்துவிட்டது. நாசூக்காகச் சொல்ல என்ன இருக்கிறது, வெறி என்றே சொல்லலாம். போகிற போக்கில் ஏணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள்.

கொழுந்தனுக்கு நகரத்தில் வேலை கிடைத்தது. வருகிற முதல் தேதி கிளம்புகிறான். திட்டத்து மேடம் மாதம் ஒருமுறை ஸ்கூட்டரில் வருகிறவர். அவர் வண்டியை நிறுத்துவதற்குள் தட்டக்கா முன்னால் போய் நின்றாள்.

"மேடம், ஆபரேட்டர் வேலைக்கு என் பேரை எழுதிக்கோங்க."

மேடத்தின் முகம் மலர்ந்து, மலர்ந்த வேகத்தில் குழம்பியது. "என்னக்கா, அதான் போன மாசமே தீர்மானம் போட்டு அனுப்பிட்டீங்களே?"

"யாரு அனுப்பினது?"

"நீங்கதான். உங்க குழு."

பைலைத் திறந்து படித்தார். தீர்மானம் ஏழு. ஏணி ஏறிச் செய்கிற வேலை என்பதால் ஆபரேட்டராக ஆண்களையே அமர்த்துவது. முதல் தேதியிலிருந்து இன்னாரை அமர்த்துவது. இன்னார் என்ற இடத்தில் தலைவரின் மச்சினன் பேர். ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது. கீழே பேர் வரிசைப்படி ஒன்பது கையெழுத்து. மூன்றாவது, இழுத்து, சுழித்து, கடைசியில் ஒரு புள்ளி. பக்கத்தில் கரிவிரல் முத்திரை.

"பெண் உறுப்பினர் நாலு பேரும் ஒரு மாசம்கூட விடாம கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு மேல இருந்து பாராட்டுக் கடிதமே வந்துச்சுக்கா" என்றார் மேடம், பைலை மூடியபடி. "இதை மாத்தணும்னா இன்னொரு தீர்மானம்தான் போடணும். அதுவும் முதல் தேதிக்குள்ள. நான் தனியா ஒண்ணும் பண்ண முடியாது."

தட்டக்கா விறகுக் குவியலை மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள். இரண்டு துண்டுகளை எடுத்தாள், தட்டாமலே கீழே போட்டாள். சாயங்காலம் தையற்கடை வாசலில் போய் நின்று, "எனக்கு நானே ஆப்பு வெச்சுக்கிட்டேன்" என்றாள்.

முழுவதையும் கேட்டுவிட்டுப் புருஷன் மிஷினை நிறுத்தினார். "படிச்சுப் பார்க்காமலா போட்டே?"

"எரியிற உலையை விட்டுட்டு உக்காந்து நோட்டுப் படிக்கச் சொல்றீங்களா?"

"அளக்காம நான் துணியை வெட்டினா என்னாகும்?"

அவள் விருட்டென்று தெருவில் இறங்கி நடந்தாள். அப்படிக் கேட்டதற்காக அவர் பிறகு வருத்தப்பட்டாராம்.

மற்ற மூன்று பெண்களிடமும் விஷயம் போனது. ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி, "நான் அதை வேலைக்கு வந்ததுக்குப் போடுற கையெழுத்துன்னுல்ல நெனச்சேன்!" என்றாள். மூன்றாமவள், படித்திருந்தால் மட்டும் போடாமல் இருந்திருப்போமா என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கேள்விதான் தட்டக்காவை ராத்திரி பகல் அரித்தது. எப்போதும் ஓடுகிற கால், இப்போது போக வேண்டிய இடம் தெரியாமல் ஓடியது. உப்பு வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினாள்.

அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. முதல் தேதிக்கு முன்னால் அந்த ஒரு கூட்டம்தான். விறகைப் புரட்டும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, கரியும் வியர்வையுமாகத் தலைவர் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் பனையோலை விசிறி ஒன்று அசைந்துகொண்டிருந்தது. ஐந்து நாற்காலி, ஐந்து பேர். தலைவர் கெட்ட மனிதர் இல்லை, எல்லோருக்கும் நல்லவராக இருந்தே பழகிவிட்டவர்.

"நீ எதுக்கும்மா இந்த வெயில்ல வந்தே? நோட்டு உன்கிட்டயே வருமே."

"நோட்டு வருது தலைவரே. பேச்சு வர மாட்டேங்குது. அதான் நானே வந்தேன்."

நின்றபடியே சொல்லி முடித்தாள். விறகைப் பார்ப்பது யார், எஞ்சின் இழுத்தால் குரல் கொடுப்பது யார், பில்டர் கழுவியது யார், எல்லாம். தலைவர் கன்னத்தைச் சொறிந்தார். "எல்லாம் சரிம்மா. ஏணி ஏறுவியா?"

"ஏறியிருக்கேன்."

"அது எப்போ?"

"உங்க மச்சினர் எஞ்சினுக்குத் தார் ஊட்டினாரே, அப்போ."

ஐவரில் ஒருவர் சிரித்து, அதைப் பாதியில் இருமலாக்கினார். தலைவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "சரி, பேசி முடிவு பண்றோம். நீ சொன்னதையும் எழுதிக்கிறோம்" என்றார். இருந்து எழுதவைத்துவிட்டுத்தான் போவது என்று வந்தவள் அவள். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூடத்தின் வெளிச்சம் மங்கியது. ஜன்னல் வழியே பார்த்தால் மேகம். களத்தில் மூன்று நாள் விறகு திறந்து கிடக்கிறது. அவள் கால் தானாக வாசலைத் தேடியது. மனசு நாற்காலிகளின் நடுவே நின்றது. கடைசியில் கால்தான் ஜெயித்தது. "எழுதிடுங்க தலைவரே, மறந்துடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். தார்ப்பாயை இழுத்து மூடி முடித்தார்கள். மழை நாலு தூறலோடு ஏமாற்றிவிட்டுப் போனது.

ஐந்தரை மணிக்கு நோட்டுக்காரரின் சைக்கிள் வந்தது. ஆறு மணிக்கு விளக்கு எரிய வேண்டும். கொழுந்தன் முதல் கூடையைத் தோளில் ஏற்றியிருந்தான். தட்டக்கா இரண்டு துண்டும் கையுமாக நடந்துகொண்டிருந்தாள். நோட்டுக்காரர் அவள் கூடவே நடந்து, பக்கத்தைத் திறந்து, கட்டைவிரலை அழுத்தி வைத்து நீட்டினார்.

"இங்க ஒண்ணு. சீக்கிரம்."

"என்ன எழுதியிருக்கு?"

"எல்லாம் நீங்க பேசினதுதான். வெளிச்சம் போறதுக்குள்ள இன்னும் மூணு பேர்கிட்ட வாங்கணும், போடுங்க."

தட்டக்கா நின்றாள். விறகுத் துண்டுகளைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், உள்ளங்கையை ஒருமுறை, புறங்கையை ஒருமுறை. பிறகு நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல் வழுக்கி விலகியது. நோட்டோடு ஏணியடிக்குப் போனாள்.

"அண்ணி, வழி விடுங்க. மணி ஆகுது" என்றான் கொழுந்தன், கூடையின் பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தபடி.

"ஆகட்டும்."

ஏணியின் முதல் படியில், அதன் முழு அகலத்துக்கும், தட்டக்கா உட்கார்ந்தாள். நோட்டை மடியில் வைத்து, முதல் பக்கத்துக்குத் திருப்பி, முதல் எழுத்தின் அடியில் கரிவிரலை வைத்தாள்.